நான் புகழ்ந்த கறி

வரையாட்டுக் கறி தின்றிருக்கிறேன். வாயில் வைக்க விளங்கவில்லை. முதல் வாக்கியத்தை ஜோகுபாளையம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இரண்டாவதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன். தின்றது குற்றம், அதற்குச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. தின்றுவிட்டு ஆகா ஓகோ என்று அளந்ததற்குப் பிரிவு எதுவும் கிடையாது. ஆனால் இந்த இரண்டில் அதிகம் கெடுத்தது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் பேட்டை அல்சூரை ஒட்டியது. அந்தப் பக்கம் இந்திராநகர் பணக்காரத்தனமாக வளர்ந்து எங்களை நெருக்குகிறது. 1809-இல் பெங்களூரில் கண்டோன்மெண்ட் போட்டபோது பட்டாளத்தின் பின்னாலேயே வந்து இறங்கிய தமிழர்களின் வம்சம்தான் சுற்றிலும். சிப்பாய், சமையல்காரர், வண்டிக்காரர், பட்லர். என் தாத்தாவும் ஒரு பங்களாவில் அடுப்படி வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நிற்பது எங்களுக்குச் சந்தி மண்டபம். நெஞ்செலும்பா, சந்துக்கறியா, பன்னூர் ஆட்டில் கொழுப்பு ஏன் கறிக்குள்ளேயே ஊடுருவி நிற்கிறது என்று பேசிக்கொண்டே நிற்போம். அந்த வரிசையில் மதிப்பு என்பது யார் எதைத் தின்றார் என்பதுதான். ஒருவர் காட்டுப்பன்றி என்பார், இன்னொருவர் முள்ளம்பன்றி என்பார். நான் ஒல்லி ஆள். சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாதவன். கேட்டுக்கொண்டே நிற்பேன்.

எண்பதுகளின் நடுவில் வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஆழியாரிலிருந்து ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் கையை நீட்டினார். ரோட்டோரப் பாறைமேல் நாலைந்து வரையாடுகள். கறுப்பும் பழுப்புமான உடம்பு, குட்டைக் கொம்பு, தடித்த கழுத்து. ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. அவ்வளவு பக்கத்தில் ஒரு காட்டு மிருகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அன்று எனக்குத் தோன்றியது பக்தியோ பரவசமோ இல்லை. இது எவ்வளவு கிலோ தேறும் என்பதுதான். பொய் சொல்வானேன்.

சித்தப்பாவிடம் அதைக் கேட்டும்விட்டேன். முழுக் கிடா நூறு கிலோகூட வரும், பெட்டை அதில் பாதி என்றார். அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம், நானும் விட்டிருக்கலாம். “கறி எப்படிச் சித்தப்பா இருக்கும்?” என்று மறுபடி கேட்டேன். அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான், கேட்கிறான், இல்லையென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

சட்டம் தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். 1972-இலேயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. வரையாடு அதன் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து நிற்கிறது. செக்போஸ்ட்டில் போர்டு இருந்தது, நான் படித்தேன். வேட்டையாடப்பட்ட விலங்கு அரசாங்கச் சொத்து, அதன் கறியை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம். இன்றைய கணக்கில் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். அன்று எனக்கு அதெல்லாம் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கான சட்டமாகப் பட்டது. தட்டு வைத்திருப்பவனுக்கு இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

கறி வந்தது. யார் கொண்டுவந்தார், எப்படிப் பிடித்தார் என்று நான் கேட்கவில்லை. வாழையிலையைப் பிரித்தபோது சித்தி முகம் சுளித்ததைப் பார்த்தேன். கறி சிவப்பாக இல்லை. கருநீலம் ஓடியிருந்தது. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மிளகும் சின்ன வெங்காயமும் இடித்துப் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றி, விறகடுப்பில் மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை வெந்தது. கிடா வீச்சம் லைன் வீடு முழுக்க அடித்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வாயில் போட்டால் நார் நாராகப் பிரிந்ததே தவிர மெல்ல முடியவில்லை. சாறில்லாமல் வறண்டு கிடந்தது. சித்தப்பா மூன்று துண்டோடு எழுந்துகொண்டார். நான் ரசத்தை ஊற்றி முழுங்கினேன்.

இது கைப்பக்குவக் குறை இல்லை. தாத்தா இருந்தபோது சொல்வார்: துரை சுட்டுக்கொண்டு வந்ததை அன்றைக்கே சமைக்க விடமாட்டார்களாம். நாள் கணக்கில் தொங்கவிட்டுத்தான் அடுப்புக்கு வருமாம். செத்த சில மணி நேரத்தில் சதை இறுகும். அப்போது அறுத்துச் சமைத்தால் செருப்புத்தோல்தான். மலைக்குளிரில் சூடான சதை சட்டென்று குளிர்ந்தால் இன்னும் மோசம். வயது ஏறிய காட்டு மிருகத்தின் சதைநார் பாறை ஏறி ஏறி முறுகியது. கிடாவின் வீச்சமோ கொழுப்பிலேயே ஊறியது. நாம் கடையில் வாங்கும் கிடா பெரும்பாலும் சின்ன வயதிலேயே விதையடிக்கப்பட்டது என்பதால் அந்த வாடை இல்லாமல் தப்பிக்கிறோம்.

ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் வரையாட்டைச் சுடவென்றே மலை ஏறினார்கள். நீலகிரியில் ‘ஐபெக்ஸ்’ என்று தப்புப் பெயர் வைத்தார்கள். முதுகில் வெளுத்த திட்டு விழுந்த பெரிய கிடாவை ‘சேடில்பேக்’ என்றார்கள். ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டன் போன்றவர்கள் அதற்காகவே நாட்கணக்கில் பாறைகளில் தவழ்ந்திருக்கிறார்கள். 1892-இல் அச்சான அவருடைய வேட்டைக் குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. அந்தக் கூட்டத்துக்கு வேண்டியது கொம்பு. அங்குலம் அங்குலமாக அளந்து எழுதியது கொம்பைத்தான். சுட்டுத் தள்ளியதில் மலையே காலியாகிவிடும் என்று அவர்களுக்கே பயம் வந்து, 1879-இல் நீலகிரிக்கென்று தனியாக ஒரு வேட்டைச் சட்டம் போட்டார்கள். மூணாறு பக்கம் இரவிகுளத்தை எஸ்டேட் துரைமார்கள் தங்கள் வேட்டைக் காடாக வைத்துக்கொண்டு முதுவர்களைக் காவல் போட்டார்கள். வேட்டைக்காகக் காத்த இடம்தான் 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. கொம்புக்குச் சுட்டவர்களிடம் ஒரு வரம்பாவது இருந்தது, சுவரில் எத்தனை மாட்ட முடியும்? வாய்க்கு அந்த வரம்பும் கிடையாது.

ஜோகுபாளையம் திரும்பிய அடுத்த ஞாயிறே வரிசையில் வாயைத் திறந்தேன். “வரையாடு தின்னேன்பா. இன்னா ருசி தெரியுமா? பஞ்சு மாதிரி வெந்துபோச்சு. நம்ம பன்னூர் ஆடெல்லாம் கிட்டவே நிக்காது.” வரிசை திரும்பிப் பார்த்தது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மூலிகைப் புல் மேய்கிற ஆடு, அதனால் கறியே மருந்து என்றும் சேர்த்துக்கொண்டேன். யாரோ ஆஸ்துமாவுக்கு நல்லதா என்று கேட்டார். நல்லது என்றேன். வைத்தியனும் ஆகிவிட்டேன்.

வரிசை கலைந்த பிறகு கடை பாய் மட்டும், கத்தியைத் துடைத்துக்கொண்டே, கறி என்ன நிறம் என்று கேட்டார். கறுத்திருந்தது, கையில் ஒட்டியது என்றேன். “சுட்டது இல்ல தம்பி அது. சுருக்குல மாட்டி ராத்திரி முழுக்க இழுத்துக்கினு கெடந்து செத்தது. அடங்கிச் செத்த ஆட்டுக் கறி ரோஸா இருக்கும். போராடிச் செத்தது இப்படித்தான் கறுத்துடும்.” பின்னால் படித்தபோது பாய் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. போராட்டத்தில் சதையிலுள்ள சர்க்கரைச் சத்தெல்லாம் எரிந்துபோகும். செத்தபின் கறியில் புளிப்பு ஏறாது. அதனால் கறுத்து, பிசுபிசுத்துவிடும். சுருக்குக் கம்பி வைத்தவரை நான் பார்க்காவிட்டாலும், அந்த ராத்திரியை நான் மென்றிருக்கிறேன். பாய் சொன்ன அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கதை அதற்குள் ஓடிவிட்டது.

கதை ஓடியது என் சிநேகிதன் ஒருவன் காதுக்கு. சின்னச் சின்னதாகக் கட்டட காண்ட்ராக்ட் எடுத்துக் கொஞ்சம் காசு சேர்த்தவன். மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தான். மறுநாள் நெருங்கிய ஆட்களுக்கு மட்டும் தனி விருந்து, அதில் வரையாடு இருக்க வேண்டும், என்ன விலையானாலும் சரி என்றான். “அது நாறும்டா” என்ற ஒரு சொல்லில் முடிந்திருக்கும் விஷயம். நான் சித்தப்பாவுக்குக் கடிதம் போட்டேன்.

தை மாதம் டீத்தூள் மூட்டைக்குள் சுற்றி உப்புக்கண்டம் வந்தது. மஞ்சளும் உப்பும் பிசிறி, நூலில் கோத்துக் காயவைத்த துண்டுகள். அந்த டீத்தூளில் எங்கள் அம்மா டீ போட்டு, முதல் வாய் குடித்துவிட்டு, “இதுல இன்னாடா கவிச்சி?” என்றார். கொட்டிவிட்டார். சித்தப்பா கேட்ட தொகைக்கு மேல் நான் கொஞ்சம் வைத்துச் சிநேகிதனிடம் வாங்கினேன். வித்தியாசத்தில் ஓர் எச்.எம்.டி. வாட்ச் வாங்கினேன். சுருக்கு வைத்தவர் கைக்குப் போனது எவ்வளவு என்று சித்தப்பாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டால் உள்ளே போகிறவர் அவர்தான். மூவரில் குறைவாகப் பெற்றவரும் அவராகத்தான் இருப்பார்.

விருந்தில் எல்லாரும் புகழ்ந்தார்கள். அதுதான் எனக்குக் கிடைத்த பாடம் என்றால் பாடம். உப்பும் நாரும் நாற்றமும் எல்லார் வாயிலும் இருந்தது. பல்லிடுக்கில் சிக்கியதை விரலால் நோண்டிக்கொண்டே “சூப்பர்பா” என்றார்கள். இதைத் தின்றேன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமைக்குக் காசு கொடுத்திருந்தார்கள், குறை சொன்னால் அந்த உரிமை போய்விடும். அன்றிலிருந்து என் பொய்க்குச் சாட்சிகள் சேர்ந்தார்கள்.

தை மாதம் என்றேனே, அதன் அர்த்தம் வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. இரவிகுளத்தில் வருடாவருடம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுற்றுலாவை நிறுத்திவிடுகிறார்கள், குட்டி போடும் காலம் என்று. ஜனவரியிலேயே குட்டிகள் பிறக்கத் தொடங்கிவிடும். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. இணை சேரும் காலம் போக மீதி நாளில் பெரிய கிடாக்கள் மந்தையை விட்டு ஒதுங்கித் திரியும். எளிதாகச் சுருக்கில் விழுவது மந்தைப் பெட்டைதான். என் மூட்டையில் வந்தது எது என்று நான் பார்க்கவில்லை, ஆனால் கூட்டிக் கழிக்கத் தெரியும்.

சமீபத்தில் ஒரு பேரன் போனில் நியூஸிலாந்து வீடியோ காட்டினான். நம் வரையாட்டுக்கு உறவு என்று சொல்லப்பட்ட இமயமலைத் தார் ஆட்டை 1904-இல் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பெருகித் தொல்லையாகி இப்போது ஹெலிகாப்டரிலிருந்தே சுடுகிறார்கள், கறியும் தின்கிறார்கள். இளசாகப் பார்த்து, ஆறவிட்டுச் சமைத்தால் அங்கே நன்றாகவே இருக்கலாம். அதை வைத்து நம்முடையதைப் பேசக்கூடாது. மரபணு ஆய்வில் நம் வரையாடு இமயமலைத் தாரைவிடச் செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று 2005-இல் கண்டிருக்கிறார்கள். பன்னூர்ச் செம்மறியைத் தோற்கடித்த ஆடு என்று நான் அளந்தது அந்த வகையிலும் வேடிக்கை. எண்ணிக்கையோ, 2025-இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. உலகத்திலேயே அவ்வளவுதான், இந்த மலைகளைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லை. ஜோகுபாளையத்தில் சில தெருக்களை எண்ணினாலே தலைகள் அதைத் தாண்டும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. 25.14 கோடி ரூபாயில் 2023-இல் இதைக் காக்கத் தனித் திட்டம் தொடங்கினார்கள். 1963-லேயே நீலகிரியில் இவற்றை நடந்து நடந்து எண்ணிய ஈ. ஆர். சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினம். நான் கறி தின்பதற்கு இருபது வருடம் முன்னாலேயே அந்த மனிதர் எண்ணியிருந்தார் என்பதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், காதுகுத்துப் பையன் வளர்ந்து நாற்பதைத் தொட்டுவிட்டான், அப்பாவைவிடப் பெரிய காண்ட்ராக்டர். போன மாதம் கடை வரிசையில் பிடித்துக்கொண்டான். “என் காதுகுத்துக்கு வரையாடு போட்டாங்களாமே, அங்கிள். என் பையனுக்கும் செய்யணும். உங்களுக்கு ஆள் தெரியும்னு அப்பா சொன்னார்.” அது நாறும், மெல்ல முடியாது, ஜெயில் வேறு என்றேன். சிரித்தான். “நீங்கதானே அங்கிள் பஞ்சு மாதிரின்னு சொன்னீங்க, எங்க வீட்ல எல்லாரும் சொல்றாங்க” என்றான். நான் தட்டிக்கழிக்கப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

இந்தப் பக்கத்தை அவன் கையில் கொடுக்கப் போகிறேன். கொடுப்பதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன்: வரிசையில் அத்தனை பேர் பார்க்க அவன் என்னிடம் வந்து கேட்டபோது, பதில் சொல்வதற்கு முன்னால், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.