களத்தில் காயும் கருமை

திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் அவுரி அறுப்பு நடக்கும் நாட்களில் களத்துமேட்டில் நின்று பார்த்தால், அங்கே எல்லோரும் ஒரு கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள் என்பது கொஞ்ச நேரத்திலேயே புரிந்துவிடும். விடியலில் அறுத்த செடி வெயில் ஏறுவதற்குள் களத்துக்கு வந்து சேர வேண்டும். வந்த கட்டு கட்டாகவே கிடக்கக் கூடாது. உடனே பிரித்து, சிமென்ட் தளத்தில் மெல்லிசாக உதறிப் பரப்ப வேண்டும். குவியலாக விட்டால் உள்ளே சூடேறி இலை வெந்துபோகும். பரப்பியதை அடிக்கடி புரட்டிக் கொடுக்க வேண்டும். காய்ந்ததும் கழியால் தட்டி இலையை உதிர்த்து, குச்சி பொறுக்கி, முறத்தில் புடைத்து, சல்லடையில் சலித்து, மூட்டை கட்டி அரைவை மில்லுக்கு ஏற்ற வேண்டும். நடுவில் ஒரு மழை இறங்கினால் அன்றைய பாடு முழுவதும் வீண். களத்து வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது. சலிக்கும்போது மூக்கையும் வாயையும் முந்தானையால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். நகக்கண்ணில் நீலம் ஏறியிருக்கும். தலைக்குக் கறுப்பைத் தருவது இலை என்கிறோம். அந்தக் கறுப்பை இலைக்குள் கெடாமல் காப்பாற்றிக் கொடுப்பது இந்தக் களத்து வேலை. ஆகவே ‘இயற்கைச் சாயம்’ என்ற பெயரில் வேதிச் சாயத்தைக் கலந்து விற்பது வாங்குகிறவரின் தோலுக்குச் செய்யும் கேடு என்பதோடு நிற்பதில்லை, இந்த உழைப்பைத் திருடுவதும் ஆகும் என்பதே என் வாதம்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல என்பதை ஓர் இலையை வைத்தே காட்டிவிடலாம். பச்சை அவுரி இலைகள் நாலைந்தைக் கிள்ளி உள்ளங்கையில் போட்டு, இரண்டு சொட்டு நீர் விட்டுக் கசக்கினால் முதலில் வருவது எந்தக் கீரையிலும் வரக்கூடிய பச்சைச் சாறுதான். கையை அப்படியே காற்றில் காட்டிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் ரேகைகளின் ஓரமாக நீலம் படரத் தொடங்கும். இலைக்குள் நீலம் நீலமாக இருப்பதில்லை. அங்கே இருப்பது இண்டிகன் என்ற நிறமற்ற பொருள். இலை நசுங்கி ஈரம் பட்டதும் அதிலுள்ள நொதி இண்டிகனை உடைக்கிறது, இண்டாக்சில் பிறக்கிறது, காற்றின் ஆக்சிஜன் பட்டதும் இண்டாக்சில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகின்றன. நீலமாகிவிட்ட பிறகு அது நீரில் கரையாது, முடிக்குள்ளும் நுழையாது. முடிக்குள் நுழையக்கூடியது அதற்கு முந்தைய நிலையில் இருக்கும் இண்டாக்சில்தான். உள்ளே போய் அங்கேயே நீலமாக மாறிச் சிக்கிக்கொள்கிறது. அதனால்தான் அவுரித் தூளை வெதுவெதுப்பான நீரில் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலையில் பூசிவிட வேண்டும் என்கிறார்கள். காலையில் குழைத்து மாலையில் பூசினால் நிறம் கிண்ணத்திலேயே பிறந்து கிண்ணத்திலேயே முடிந்துபோயிருக்கும்.

இப்போது களத்து மழையை நினைத்துப் பாருங்கள். பாதி காய்ந்த இலையில் மழை விழுந்தால், கிண்ணத்தில் நடக்க வேண்டியது களத்திலேயே நடந்துவிடுகிறது. இலை கருநீலமாக மாறிப்போகும். பார்ப்பதற்கு நல்ல சாயம்போலத் தோன்றும். தலைக்கு ஒன்றுக்கும் உதவாது. குவியலில் வெந்த இலைக்கும் இதே கதிதான். பச்சை மாறாமல், சருகின் மொறுமொறுப்போடு காய்ந்த இலைதான் உயிருள்ள இலை. எந்த நேரத்தில் புரட்ட வேண்டும், எப்போது தட்டலாம், எந்த இலையை ஒதுக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்கள் கையால் நொறுக்கிப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். கூலிக் கணக்கில் இது ‘காயவைக்கும் வேலை’ என்ற ஒற்றை வரி. தரத்தின் கணக்கில் எல்லாமே இதுதான். (பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தென் மாவட்டங்களில் நிலாவரையையும் அவுரி என்று சொல்வதுண்டு. அது மலச்சிக்கலுக்கான மருந்துச் செடி, முடியைக் கறுப்பாக்காது.)

இந்த மண்ணுக்கு நீலம் புதிதல்ல. பழைய தென்னார்க்காட்டில் அவுரியைத் தொட்டியில் ஊறவைத்து, கடைந்து, படிந்த நீலத்தைக் கட்டியாக்கி விற்றார்கள். அவுரி நீலம் தோய்ந்த துணி புதுச்சேரியிலிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போயிற்று. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே இந்திய நீலத்தின் வாணிபம் சரிந்தது. அவுரிக்கு இன்று கிடைத்திருப்பது இரண்டாவது வாழ்வு. இந்த முறை கட்டியாக அல்ல, இலைத் தூளாக. இங்கே அரைபடும் தூள் வெளிநாடுகளுக்கும் போகிறது. நீலத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் வங்காளத்தையும் சம்பாரணையும் நினைவூட்டுகிறவர்கள் உண்டு, நினைவூட்ட வேண்டியதுதான். 1859-60இல் வங்காள விவசாயிகள் கிளர்ந்ததும், 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனதும் கட்டாய நீலச் சாகுபடியால்தான். சம்பாரணில் நிலத்தில் இருபதில் மூன்று பங்கு நீலத்துக்கு என்று விதித்து, விலையையும் தோட்டத் துரையே வைத்த கொடுமை அது. அந்தக் கொடுமைக்குக் காரணம் செடியல்ல, விலை பேசும் உரிமை உழைத்தவனிடம் இல்லாமல் போனது. அவுரி பயறு வகைக் குடும்பத்துச் செடி. வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கிறது, விதைத்து ஏறக்குறைய மூன்று மாதத்தில், பூக்கத் தொடங்கும்போது முதல் அறுப்புக்கு வருகிறது. செடியின் மேல் எந்தக் குறையும் இல்லை. விலை பேசும் உரிமை பற்றிய கேள்வி மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது. கலப்படம் அந்தக் கேள்வியைத்தான் மோசமாக்குகிறது.

அவுரி மட்டும் நரைக்குப் போதாது. வெள்ளை முடியில் நேராகப் பூசினால் நீலமோ பச்சையோ கலந்த ஒரு சாயல்தான் வரும். முதலில் மருதாணி வேண்டும். மருதாணியின் சாயப் பொருளான லாசோன் முடியின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. அது தருவது செம்மஞ்சள். அந்தச் செம்மஞ்சளின் மேல் அவுரியின் நீலம் ஏறும்போதுதான் கறுப்பு கிடைக்கிறது. மருதாணியில் பெயர் வாங்கியது ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துச் சோஜத். சோஜத் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழை குறைந்த வறண்ட நிலத்தில், ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் அறுக்கக்கூடிய செடி அது. ஆக, தலையில் ஏறும் ஒரு கறுப்புக்குப் பின்னால் இரண்டு நிலங்களும், இரண்டு அறுப்புகளும், இரண்டு களங்களும் இருக்கின்றன. மருதாணியை எலுமிச்சைச் சாறோ தேயிலைக் கஷாயமோ சேர்த்துப் பல மணி நேரம் ஊறவிட வேண்டும். அவுரியை ஊறவிடவே கூடாது. ஒன்றைப் பூசி அலசி, பிறகு மற்றதைப் பூசி அலசி, முழு நிறம் ஏற ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். கறுப்பு நிறம் தரும் மருதாணிச் செடி என்று உலகத்தில் எதுவும் கிடையாது.

அப்படியானால் ‘கறுப்பு மருதாணி’ என்று பாக்கெட்டில் வருவது என்ன? அரை மணியில் கரேலென்று ஆக்கும் தூள் என்றால், அதில் வேலை செய்வது பெரும்பாலும் பாராஃபெனிலின்டைஅமீன், சுருக்கமாகப் பி.பி.டி. 1907இல் பாரிஸில் யூஜின் ஷூலர் செயற்கைத் தலைச்சாயம் தயாரித்து, இரண்டாண்டில் பின்னாளின் லோரியாலுக்கு வித்திட்ட நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே உலகின் சாயத் தொழில் இந்த வகைப் பொருள்களின் மேல்தான் நிற்கிறது. அதை அதன் பெயரைச் சொல்லி விற்பது ஒரு வியாபாரம். அதைப் பற்றி வேறு விதமாக விவாதிக்கலாம். இலைத் தூளுக்குள் ஒளித்துவைத்து ‘மூலிகை’ என்று விற்பது வேறு. வெந்துபோன இலை, பழைய சருகு, குச்சியோடு அரைத்த தூள் எதுவானாலும் பி.பி.டி. சேர்த்துவிட்டால் முடி கறுத்துவிடும். மருதாணித் தூளில் சோடியம் பிக்ராமேட் என்ற சிவப்புச் சாயத்தையும், பழையதைப் புதியதாகக் காட்டப் பச்சைச் சாயத்தையும் கலக்கும் வழக்கமும் இருக்கிறது. அப்போது விடியலில் அறுத்ததற்கும், வெயிலில் புரட்டியதற்கும், பொறுக்கிச் சலித்ததற்கும் என்ன விலை? வேலை சரியாக நடந்தாலும் நடக்காவிட்டாலும் நிறம் ஒன்றே என்றாகிவிட்டால், நல்ல இலைக்குக் கூடுதல் காசு கொடுக்க எந்த வியாபாரிக்கும் அவசியமில்லை. அந்தக் கூடுதல் காசு கிடைக்காதபோது களத்துக் கூலியும் ஏறாது. கலப்படக்காரர் திருடுவது இதைத்தான்.

இதற்கு முதலாவதாக வரும் மறுப்பு நியாயமானது: பி.பி.டி. சாயத்தைக் கோடிக்கணக்கானோர் பூசுகிறார்கள், பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை, ஐரோப்பாவே அதைத் தடை செய்யவில்லையே என்பார்கள். உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியம் தலையில் படும் கலவையில் 2 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. ஆனால் அளவு குறிக்கப்பட்டிருப்பதும், எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பதும்தான் அந்த அனுமதியின் அடிப்படை. இந்தியச் சட்டமும் இதே வழியில்தான் போகிறது. இவ்வகைச் சாயங்களின் உறையில் தோல் எரிச்சல் வரலாம், முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்திலோ இமையிலோ பூசினால் பார்வை போகலாம் என்று ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்று சொல்கிறது. இலை என்று சொல்லி விற்கும் பாக்கெட்டில் இந்த எச்சரிக்கைக்கே இடமில்லை. ‘டை ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் மூலிகைக்கு மாறினேன்’ என்கிறவர்தான் அதை நம்பி வாங்குகிறார். ஒவ்வாமை உள்ளவரின் கையிலேயே ஒவ்வாத பொருளை மறைத்துக் கொடுப்பதை என்னால் சிறு குற்றமாகப் பார்க்க முடியவில்லை. தினமும் பத்துத் தலைக்கு டை அடிக்கும் சலூன்காரரையும் அழகு நிலையப் பெண்ணையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சொந்தத் தலைக்குப் பூசிக்கொள்வதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லச் சான்று போதாது என்றது. முடிதிருத்தும் தொழிலைச் செய்கிறவர்களுக்கு உள்ள ஆபத்தையோ ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற வகையில் வைத்தது. பூசிக்கொள்கிறவர் மாதம் ஒருமுறை தொடுவதை இவர்கள் நாள் முழுக்கத் தொடுகிறார்கள்.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: இலை மட்டும் தீங்கற்றதா? இல்லை, அப்படிச் சொல்வதும் பொய்தான். ஜி6பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைந்திருப்பவர்களுக்கு மருதாணி பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். கைக்குழந்தைகளுக்கு அது உயிராபத்துவரை போகும். மருதாணித் தூளைச் சுவாசித்து ஆஸ்துமா வந்த சலூன் தொழிலாளர்களை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அந்தத் தூளை அரைவை மில்லில் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறவருக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பது இதன் தொடர்ச்சி. முந்தானை முகமூடி ஆகாது. தூசு உறிஞ்சும் கருவியும் நல்ல முகக்கவசமும் இல்லாத மில்லிலிருந்து வரும் தூளை ‘தூய்மையானது’ என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் தெரிந்த குறைகள், திருத்தக்கூடியவை. உறைக்குள் என்ன இருக்கிறது என்று உண்மையைச் சொன்னால்தான் எந்தக் குறையையும் திருத்த முடியும்.

நேரமும் காசும் பற்றிய மறுப்புக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகிற ஒருவரிடம் அரை நாளை இலைக்கு ஒதுக்கச் சொல்வது லேசான காரியமல்ல. வேலைக்கான நேர்காணலுக்கு நரையோடு போக அஞ்சுகிற நாற்பத்தைந்து வயதுக்காரரிடம் ‘பொறுமையாக இரு’ என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அவர் பி.பி.டி. சாயம் வாங்கினால் தெரிந்து வாங்கட்டும், காதின் பின்புறம் பூசிப் பார்த்து இரண்டு நாள் காத்திருந்து பூசட்டும். நான் கேட்பது அவர் இலைக்கு மாற வேண்டும் என்பதல்ல. இலைக்குக் கொடுக்கிற காசு இலைக்கே போக வேண்டும் என்பதுதான். அதற்கு வழியும் இருக்கிறது. மருதாணித் தூளுக்கு இந்தியத் தர அமைப்பின் அளவுகோல் இருக்கிறது, பி.பி.டி.யும் பிக்ராமேட்டும் ஆய்வகத்தில் எளிதில் அகப்படும் பொருள்கள்தான். மருதாணிக்கு லாசோன் அளவும் அவுரிக்கு அறுப்பு மாதமும் உறையில் அச்சாகுமானால், பச்சை மாறாமல் காயவைத்த இலைக்கும் வெந்த இலைக்கும் இரண்டு விலை வரும். இரண்டு விலை வரும் இடத்தில் நல்ல விலையில் தன் பங்கைக் கேட்கக் களத்துப் பெண்ணுக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

அடுத்த முறை கடையில் மூலிகை டை வாங்கும்போது பாக்கெட்டின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மருதாணி தனியாகவும் அவுரி தனியாகவும் இருக்கிறதா, உள்ளே இருக்கும் அத்தனை பொருளின் பெயரும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஒரே பூச்சில், அரை மணியில் கறுப்பு என்று எழுதியிருந்தால் அது களத்தில் காய்ந்த கறுப்பு அல்ல. அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.