நானும் ஒரு பல்டி சாட்சிதான்

2009 டிசம்பர் 10, வியாழக்கிழமை காலை. நான் ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வழக்கம்போல தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரே பேப்பரை நாலு பேர் தாள் தாளாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தோம். முதல் பக்கம் கையில் இருந்தவர் சத்தமாக வாசித்தார்: தினகரன் அலுவலக எரிப்பு வழக்கில் 17 பேரும் விடுதலை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பால் ஊற்ற வந்தவர்தான் கேட்டார்: "அப்ப அந்த மூணு பேரும் தானாவே தீ வச்சுக்கிட்டாகளா?"

மதுரைக்காரர்களுக்கு அந்த நாளைச் சொல்லி நினைவூட்ட வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007 மே 9 அன்று தினகரன் பத்திரிகையில் ஒரு கருத்துக்கணிப்பு வந்தது. முதல்வர் கருணாநிதிக்குப் பிறகு யார் என்பது கேள்வி. அதில் வந்த எண்கள் பிடிக்காமல் ஒரு கூட்டம் தெருவில் இறங்கியது. பத்திரிகைப் பிரதிகளை எரித்தார்கள். மேலூர் சாலையில் உத்தங்குடியில் இருந்த பத்திரிகை அலுவலகத்தில் கல்லெறிந்தார்கள், பெட்ரோல் குண்டு வீசினார்கள். கணினிப் பிரிவில் வேலை பார்த்த இரண்டு பேரும் காவலாளி ஒருவரும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். பட்டப்பகல். போலீசும் அங்கே இருந்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. விசாரணையில் அரசுத் தரப்புச் சாட்சிகள் பலர் பிறழ்சாட்சிகளாக ஆனார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால், பல்டி அடித்தார்கள். 2009 டிசம்பர் 9 அன்று மாவட்ட நீதிமன்றத்தில் அத்தனை பேரும் விடுதலை.

அதற்கு முந்தைய வருடம்தான், 2008 மே மாதம், தா.கிருட்டிணன் கொலை வழக்கிலும் இப்படி ஆனது. 2003இல் காலையில் நடைப்பயிற்சிக்குப் போன முன்னாள் அமைச்சரை வெட்டிக் கொன்றார்கள். வழக்கு ஆந்திராவில் சித்தூருக்கு மாற்றப்பட்டு, குற்றம் சாட்டப்பட்ட எல்லாரும் விடுதலை ஆனார்கள். ஆகவே பால்காரர் கேட்ட கேள்வி எங்களுக்குப் புதியதல்ல.

டீக்கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. சுவரில் எழுதிப் போட்டிருந்த 'இங்கு அரசியல் பேசாதீர்' என்பதைக் கண்ணால் காட்டினார். அதற்குப் பிறகு பேச்சு திசை மாறியது. எரித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாரும் சேர்ந்து சாட்சிகளைத் திட்ட ஆரம்பித்தார்கள். "காசு வாங்கிட்டானுக", "சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவன் இப்படிச் செய்வானா" என்று ஆளாளுக்கு ஒன்று. திட்டினால் வீடு தேடி வராதவர்கள் சாட்சிகள்தான் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

நான் டீயை முழுசாகக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்பதை இத்தனை வருடமாக என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. எழுபத்தைந்து வயதாகிவிட்டது. இனி மறைத்து வைத்து என்ன செய்யப் போகிறேன்?

1983. வாடிப்பட்டிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும் வழியில், ஒரு கிராமத்து முக்கில் சைக்கிள் கடை வைத்திருந்தவரை மூன்று பேர் இரும்புக் கம்பியால் அடித்ததைப் பார்த்தேன். வட்டிப் பணத் தகராறு. சாயங்காலம் ஐந்தரை மணி, நல்ல வெளிச்சம். மூன்று பேரில் இரண்டு பேரை எனக்கு முகத்தெரிய நன்றாகவே தெரியும். அடிபட்டவருக்கு வலது கை முழங்கைக்குக் கீழே நொறுங்கிவிட்டது. போலீஸ் விசாரித்தபோது பார்த்ததை அப்படியே சொன்னேன். அரசாங்க ஊழியர், பக்கத்தில் இருந்து பார்த்தவர் என்பதால் முக்கியமான சாட்சியாக என்னைப் போட்டார்கள்.

முதல் வாய்தாவுக்குப் போனேன், தள்ளி வைத்தார்கள். இரண்டாவதற்கும் போனேன், தள்ளி வைத்தார்கள். மூன்றாவது வாய்தாவுக்கு நாலு நாள் முன்னால் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. மரியாதையாகத்தான் பேசினார்கள். காப்பி கொடுத்தோம், குடித்தார்கள். என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவர் அவள் தலையைத் தடவி, "பாப்பா எந்த ஸ்கூல் சார்? நடந்தேதான் போகுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பணமும் தரவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்று இரவு என் மனைவி, "ஏங்க, நமக்கு எதுக்குங்க இது" என்று மட்டும் சொன்னாள்.

கூண்டில் ஏறி, "இருட்டா இருந்துச்சு. முகம் சரியாத் தெரியலைங்க" என்றேன். அரசு வக்கீல் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறழ்சாட்சி என்று அறிவித்து, போலீசில் சொன்னதை ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் "அப்படிச் சொல்லலைங்க" என்றேன். வழக்கு நிற்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிள் கடைக்காரர் நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு போனபோது அவராகவே, "பரவால்ல சார், நீங்களும் பிள்ளகுட்டிக்காரர்" என்றார். அவர் திட்டியிருந்தால் இத்தனை வருடம் அது என்னை அரித்திருக்காது.

இந்த இடத்தில் என் பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பா இறந்த பிறகுதான் அம்மாவின் ஊரான மேலூர்ப் பக்கம் வந்து, எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனித்தேர்வாக எழுதி, டைப்ரைட்டிங் முடித்து, சர்வீஸ் கமிஷன் மூலம் வேலைக்கு வந்தேன். பள்ளியில் ஒரு நாள் ஒருவனுடைய மைக்கூடு காணாமல் போனது. எங்கள் முசே அதை ஒரு கோர்ட்டு விளையாட்டாகவே நடத்தினார். நான் சாட்சி. பிரெஞ்சுக்காரர் கோர்ட்டில் சாட்சிகள் எப்படிப் பிரமாணம் எடுப்பார்களோ அப்படியே சொல்ல வைத்தார்: 'ஸான் என், ஏ ஸான் க்ரேன்த்'. பகையில்லாமல், பயமில்லாமல் பேசுவேன், முழு உண்மையையும் சொல்வேன், உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று அந்தப் பிரமாணம் போகும். பெரிய குற்ற வழக்குகளில் இன்றும் பிரான்சில் இதுதான் என்று படித்திருக்கிறேன். எடுத்தவன் என் உயிர் நண்பன். கையை உயர்த்திக்கொண்டு அவன் பெயரைச் சொன்னேன். ஒரு வாரம் என்னோடு டூ விட்டான். அப்புறம் கோலி விளையாட அவனே வந்துவிட்டான்.

பன்னிரண்டு வயதில் முடிந்தது முப்பத்துமூன்று வயதில் முடியவில்லை. நம் நாட்டுப் பிரமாணத்திலும் உண்மை, முழு உண்மை என்பதெல்லாம் உண்டு. பயம் என்ற சொல் மட்டும் இல்லை. சாட்சியிடம் உண்மையைக் கேட்கிறோம், அதைச் சொல்லப் பயமில்லாத நிலையில் அவன் இருக்கிறானா என்று கேட்பதில்லை.

மீனாட்சியம்மன் கோவிலில் சுவாமி சன்னதிப் பிராகாரத்தில் வடகிழக்கு மூலையைப் பார்த்திருப்பீர்கள். வன்னி மரம், கிணறு, லிங்கம். திருவிளையாடற் புராணத்தின் 64ஆவது படலம் அது. தன் திருமணத்துக்குச் சாட்சி இல்லை என்று ஏளனம் செய்யப்பட்ட ஒரு பெண்ணுக்காக, திருப்புறம்பியத்திலிருந்து மரமும் கிணறும் லிங்கமும் மதுரைக்கே வந்து சாட்சி நின்றன என்பது கதை. சிறுவயதில் அதைத் தெய்வத்தின் பெருமை என்று கேட்டேன். இப்போது அங்கே நிற்கும்போதெல்லாம் வேறொன்று தோன்றுகிறது. மனுஷன் ஒருவன் வந்து சொல்லாததால்தானே மரம் வர வேண்டியிருந்தது? மரத்துக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கிடையாது.

டெல்லியில் 1999இல் ஜெசிகா லால் என்ற பெண்ணைச் சுட்டுக் கொன்றார்கள். அங்கேயும் சாட்சிகள் பின்வாங்கினார்கள். 2006 பிப்ரவரியில் எல்லாரும் விடுதலை. உடனே ஜனங்கள் இந்தியா கேட்டில் மெழுகுவர்த்தியோடு கூடினார்கள். அதே டிசம்பரில் உயர்நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கிலும் முதலில் எல்லாரும் விடுதலை. 2004இல் உச்சநீதிமன்றம் வழக்கை மகாராஷ்டிரத்துக்கு மாற்றி, மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2006இல் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை. ஆனால் மாற்றி மாற்றிச் சொன்ன ஜாஹிரா ஷேக் என்ற இளம்பெண்ணுக்கும் அதே வருடம் ஓராண்டு சிறை. அந்த நெருப்பில் தன் குடும்பத்தாரைப் பறிகொடுத்தவள் அவள். சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

மதுரையில் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. டீக்கடையில் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். ஆனால் இறந்தவர்களில் ஒருவரின் தாயார் விடவில்லை. அவரும் உயர்நீதிமன்றம் போனார், சி.பி.ஐ.யும் மேல்முறையீடு செய்தது. 2019 மார்ச் 21 அன்று மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி அமர்வு அந்த விடுதலையை ரத்து செய்தது. 'அட்டாக்' பாண்டி உட்பட ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை. சம்பவம் நடந்து கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம். யானைமலைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த நீதிமன்றம் உத்தங்குடியிலிருந்து தூரமில்லை, அதே மேலூர் சாலைதான்.

அந்தத் தீர்ப்புக்கு முந்தைய டிசம்பரில், 2018இல், சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்சநீதிமன்றம் நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. மிரட்டல் இருந்தால் சாட்சி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம். எவ்வளவு ஆபத்து என்று போலீஸ் அறிக்கை தர வேண்டும். அதைப் பார்த்து வீட்டுப் பக்கம் ரோந்து போடுவது, எதிரிகள் முகத்தில் படாமல் சாட்சி சொல்ல வைப்பது, தேவைப்பட்டால் வேறு ஊருக்கு மாற்றுவது வரை செய்யலாம். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், மாநிலங்கள் இப்படி ஒரு திட்டம் வைத்தாக வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். யாருக்காவது சம்மன் வந்தால் இதைச் சொல்லுங்கள். எனக்கு அன்று சொல்ல ஆள் இல்லை, சட்டமும் இல்லை.

2019 தீர்ப்பு வந்த மறுவாரம் நான் அந்தக் கிராமத்துக்குப் பஸ் ஏறினேன். சைக்கிள் கடை இருந்தது. மகன் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் வெளியே கயிற்றுக் கட்டிலில் இருந்தார். வலது கை அப்படியே மடங்கித்தான் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. இடது கையால் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அன்னிக்கு நான் சொல்லியிருந்தாலும் அவுகளுக்குத் தண்டனை கிடைச்சிருக்குமோ என்னவோ" என்று இழுத்தேன்.

"தண்டனை கெடக்கட்டும் சார்" என்றார். "நான் கடன வாங்கிட்டுக் குடிச்சுட்டு விழுந்து கைய ஒடச்சுக்கிட்டேன்னு ஊரே சொல்லுச்சு. ஒருத்தர் பாத்தாருன்னு தெரிஞ்சிருந்தாப் போதும்."

மன்னிப்புக் கேட்டேன். மகன் டீ வாங்கி வந்தார். குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

இனி டீக்கடையில் யாராவது பல்டி அடித்த சாட்சியைத் திட்டினால் எழுந்து போகப் போவதில்லை. அவன் வீட்டுத் திண்ணையில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று முதலில் கேட்பேன். பிறகு சைக்கிள் கடைக்காரர் சொன்னதையும் சேர்த்துச் சொல்வேன். முதலாவதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.