பலகையில் எழுதிய பெயர்கள்

எங்கள் கோயம்புத்தூர் வீடு, பைக்காரா மின்சாரம் வந்து ஊரில் பஞ்சாலைகள் பெருகிய காலத்தில் என் பாட்டனார் கட்டியது. அதன் முன்நடையில், வாசற்கதவைத் திறந்தவுடன் கண்ணில் படும்படியாக ஒரு தேக்குப் பலகை அறையப்பட்டிருந்தது. அதில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இரண்டிரண்டாக எட்டு வரிசை அமர்ந்திருக்க, ஒவ்வொரு வரிசையின் கீழும் என் தகப்பனார் சிவப்பு வர்ணத்தால் 'பூஜை அறை', 'சமையற்கட்டு', 'அம்மா அறை', 'மாட்டுக் கொட்டகை', 'மாடி' என்று முத்துமுத்தாக எழுதி வைத்திருந்தார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய முதல் புத்தகம் அந்தப் பலகைதான்.

போன கோடையில், ஃபியூஸ் அடிக்கடி போவதைப் பொறுக்காத யாரோ ஒரு புண்ணியவான் ஒரு கட்டையில் தடித்த செப்புக் கம்பியை முறுக்கிச் சுற்றியிருந்தது தெரியவந்தது. கருகிய மணம் வந்த பிறகுதான் தெரிந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். உருக வேண்டிய நேரத்தில் உருகுவதே ஃபியூஸின் தர்மம். அது உருக மறுத்தால் சுவரிலுள்ள கம்பி உருகும். ஆகவே பலகையை எடுத்துவிட்டு, விளக்குகளுக்கு 6 ஆம்பியர், பவர் ப்ளக்குகளுக்கு 16 ஆம்பியர் என்று தனித்தனி ட்ரிப்பர் சுவிட்சுகள் கொண்ட புதிய பெட்டி வைப்பது என்று தீர்மானித்தோம்.

வந்த வயர்மேன் பலகையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எழுதினதை நம்பிக் கை வைக்கக் கூடாதுங்க ஐயா, ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்துடலாமுங்க" என்றார். எனக்குச் சற்றுக் கோபமே வந்தது. தர்க்க சாஸ்திரத்தில் ஆப்தவாக்கியம் என்று ஒன்று உண்டு. நம்பத் தகுந்தவர் சொன்ன சொல்லே பிரமாணம் என்பது அது. என் தகப்பனாரைவிட ஆப்தர் எனக்கு யார்?

ஆனால் வயர்மேனோ பிரத்தியட்சத்தை அன்றி வேறொரு பிரமாணத்தையும் அங்கீகரிக்காதவர். நான் பலகையண்டை நின்று கட்டைகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருக, என் பேத்தி அறை அறையாக ஓடி, "எரியுது தாத்தா!", "போயிடுச்சு!" என்று கூவ, அவர் ஒரு அட்டையில் குறித்துக்கொண்டே வந்தார். பேத்தி களைத்ததும், பழைய மின்சார ரேடியோ ஒன்றை ப்ளக்குக்கு ப்ளக் மாற்றிச் செருகி, உரக்கப் பாட விட்டு, எந்தக் கட்டையைப் பிடுங்கினால் பாட்டு நிற்கிறது என்று கேட்டு அறிந்தோம்.

'பூஜை அறை'யைப் பிடுங்கினால் சுவாமி விளக்கு நிச்சலனமாக எரிந்தது; மிக்ஸி நின்றது. 'அம்மா அறை' என்றிருந்தது, பாட்டி காலமான பின் அந்த அறையைத் தடுத்துக் கட்டிய குளியலறையில் வெந்நீர் சுட வைத்துக்கொண்டிருந்தது. பசுக்களை விற்ற பின் கொட்டகையைச் செப்பனிட்டுத்தான் என் எழுத்தறை ஆக்கினேன் என்பதை நானே மறந்திருந்தேன். இருபது ஆண்டுகளாக நான் எழுதியதெல்லாம் மாட்டுக் கொட்டகையின் வெளிச்சத்தில் எழுதியவை என்பது அன்றுதான் நிரூபணமாயிற்று. என் வாசகர்களில் சிலர் இதை முன்னமே ஊகித்திருக்கலாம்.

இது வேடிக்கை, வேடிக்கை அல்லாததும் உண்டு. பழைய வழக்கப்படி எங்கள் பலகையில் ஃபேஸுக்கு ஒரு கட்டையும் நியூட்ரலுக்கு ஒரு கட்டையும் இருந்தன. நியூட்ரல் கட்டை மட்டும் போனாலும் விளக்கு அணைந்துவிடும். ஆனால் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இருட்டைக் கண்டு அபாயம் நீங்கிற்று என்று அனுமானிப்பவன் அந்த அனுமானத்துக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம். அதனால்தான் விளக்கு அணைந்த பிறகும் வயர்மேன் ஒவ்வொரு முனையிலும் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் விரலை நீட்டவில்லை.

கடைசியில் வழக்காடியது மாடிப்படி விளக்கு. புதிய பெட்டியில் கீழ்த்தளத்துக்கு ஒன்றும் மாடிக்கு ஒன்றுமாகக் கசிவுக் காப்பு சுவிட்ச் இரண்டு இருந்தன. ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று கணக்குப் பார்த்து, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் அல்லது எட்டியவுடன் இணைப்பைத் துண்டிப்பது அவற்றின் வேலை. படி விளக்கைப் போட்டதும் வீடே இருண்டது. அரை நாள் தேடிய பின், அந்த விளக்கு கீழிருந்து ஃபேஸையும், யாரோ கம்பி மிச்சம் பிடித்ததால் மாடியிலிருந்து நியூட்ரலையும் வாங்கியிருப்பது புலப்பட்டது. 40 வாட் விளக்கின் ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர், ஒரு கணக்கில் பற்றும் இன்னொரு கணக்கில் வரவுமாக இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கிறது. பழைய பலகை அதைக் கேட்டதில்லை. புதிய பெட்டி ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை.

அன்று இரவு, கழற்றிய பலகையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். என் தகப்பனார் எழுதியதில் ஒரு சொல்லேனும் பொய்யில்லை. எழுதிய அன்று பாட்டி அந்த அறையில் இருந்தாள், கொட்டகையில் மாடு இருந்தது. மாறியது வீடு; கம்பியை இழுத்து இணைத்த நாங்கள்தாம் எழுத்தை மாற்றாமல் விட்டோம். அவர் விட்டுவிட்டது ஒன்றே ஒன்று: எழுதிய தேதி. அது இருந்திருந்தால், எந்தக் காலத்து உண்மையைப் படிக்கிறோம் என்ற எச்சரிக்கையாவது எங்களுக்கு இருந்திருக்கும்.

புதிய பெட்டியின் கதவில், அழித்து எழுதத் தக்கதாகப் பென்சிலால் எழுதிய அட்டையை ஒட்டி, அடியில் தேதியும் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஓர் ஓய்வு நாளில், தகுதி பெற்ற ஒரு வயர்மேனை வைத்துக்கொண்டு, பலகை சொல்வதும் வீடு சொல்வதும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள், பார்த்ததை எழுதுங்கள், தேதியைப் போட மறவாதீர்கள்.