அம்மா வீட்டு வேலியிலிருந்து ஒரு கிழங்கு

2019-ஆம் ஆண்டு தாராபுரத்தை அடுத்த எங்கள் பூர்வீக வீட்டை விற்றபோது, நான் பெங்களூருக்கு எடுத்துவந்தது ஒரேயொரு பொருள்தான். கிளுவை வேலியில் அம்மா பிடுங்காமல் விட்டுவைத்திருந்த கண்வலிக்கிழங்கு. கலப்பையைப் போல இரு கைகளாக விரிந்திருந்தது. இதன் பூவே தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள். மூலனூர்ப் பக்கத்தில் விதைக்காகவே இதை ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் மண் இருக்கும் இடம் துவைக்கிற கல்லின் ஓரம் மட்டுமே. எப்போதும் ஈரம். கொடிக்கு நல்லதென்று எண்ணி ஜூன் மாதம் அங்கேயே நட்டேன். இலை நுனிகளே பற்றுக்கம்பியாகச் சுருண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தன. செப்டம்பரில் பூத்தது. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பின்பு நெருப்பைப்போலச் சிவந்த அந்த ஆறு இதழ்களைக் கண்டு என் மனைவி கண்கலங்கினாள். அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார், "இது எங்கள் கௌரி ஹூவு அல்லவா!" என்றார்.

டிசம்பரில் கொடி காய்ந்தது. அது செத்துப்போகவில்லை, உறங்குகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உறங்கும் கிழங்குக்குத் தண்ணீர் ஆகாது என்பதை நான் யோசிக்கவில்லை. துணி துவைத்த நீர் தினமும் அங்கேதான் பாய்ந்தது. மார்ச் மாதம் தோண்டிப் பார்த்தபோது ஒரு கை அழுகிக் கூழாயிருந்தது. மற்றொன்று கெட்டியாயிருந்தது. முளைக்கும் கண் அதன் முனையில் ஒன்றே ஒன்று. அது ஒடிந்தால் அம்மாவின் வேலி அத்தோடு முடிந்தது. அழுகியதை அறுத்தெறிந்து, மீந்ததை நிழலில் உலர்த்தத் திண்ணையில் வைத்தேன்.

அங்கேதான் பெரிய தவறு செய்தேன். மறுநாள் வீட்டு வேலைக்கு வரும் சகோதரி அதைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு, "பாஸ்டர் ஐயா, இந்த வள்ளிக்கிழங்கைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள். என் கைகால்கள் நடுங்கிவிட்டன. செடி முழுவதும் விஷம். கிழங்கிலோ அது மிகுதி. அவித்தாலும் போகாது. அதிலுள்ள கோல்கிசின் மூட்டு வாதத்திற்கு மிகச் சிறிய அளவில் மாத்திரையாகிறது. அளவு மீறினால் வாந்தியும் பேதியுமாகத் தொடங்கி உயிரையே எடுத்துவிடும். அவள் கேளாமல் அவித்திருந்தால்? அந்த இரவு நான் உறங்கவில்லை.

எறிந்துவிடச் சொன்னாள் மனைவி. அவள் சொன்னது நியாயமே. ஆனாலும் எனக்கு மனம் வரவில்லை. செம்மண்ணோடு மணல் கலந்து, தண்ணீர் தேங்காத மேடான பாத்தியை மொட்டை மாடித் தொட்டியில் அமைத்து, இரண்டு அங்குல ஆழத்தில் நட்டேன். சில வாரங்களில் முளைத்தது.

இப்போது மாடிக் கதவுக்குப் பூட்டு உண்டு. கொடி காய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுகிறேன். தொட்டியின்மேல் "விஷம்" என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருக்கிறேன். கன்னட எழுத்துக்களை எழுதித் தந்தவள் அந்தச் சகோதரியின் மூத்த மகள்.