திங்கட்கிழமைகளில் ஸ்டார்ட் ஆகாத கார்



வீட்டில் ஒரு வாகனம் இருந்தால் அதைக் கழுவுவது பிள்ளைகளின் வேலை, பழுது பார்ப்பது கராஜ் பாஸின் வேலை, அதற்குப் பணம் கொடுப்பது வீட்டுக்காரரின் வேலை என்று நாம் பிரித்து வைத்திருக்கின்றோம். ஆனால் நம்மில் எத்தனை பேருடைய கணவன்மார் கடல் கடந்து உழைக்கின்றார்கள்! வாகனம் வழியில் நின்றால் பக்கத்தில் இருப்பது நாம்தானே? அதனால்தான் இதனை உங்களுக்கு எழுதுகின்றேன்.

எங்கள் வீடு அக்குறணையில். கணவர் கட்டாரில். என் உம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் கண்டிக்குச் சென்று இரத்தம் சுத்திகரிக்க வேண்டிய நிலை. திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருந்துவிட்டு வரும் ஒருவரைப் பஸ்ஸில் ஏற்ற முடியுமா? ஒவ்வொரு முறையும் முச்சக்கர வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகுமா? ஆகவே 2023ஆம் ஆண்டு ஒரு கார் வாங்கத் தீர்மானித்தோம்.

அந்த நாட்களில் வாகன விலை எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025இல்தான். இடையிலே, நாட்டில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த பழைய ஜப்பான் கார்கள் தங்கம் போல விலை ஏறின. எங்கள் கைக்கு எட்டியது 2004இல் செய்யப்பட்டு 2007இல் இங்கு வந்த ஒரு டொயோட்டா கொரோலா. நம் ஊரில் எல்லோரும் "121" என்று சொல்வார்களே, அதுதான். 1500 சீசீ எஞ்சின். நல்ல உழைப்பாளியான வண்டி என்று பெயர் எடுத்தது.

ஆனால் எங்களுக்கு முன் அதை வைத்திருந்த இளைஞர் அதற்கு நன்றாகவே அலங்காரம் செய்திருந்தார். 14 அங்குலச் சில்லுகள் இருந்த இடத்தில் 17 அங்குல அலோய் ரிம்கள். உடம்பு தாழ்ந்து நிற்பதற்காக வெட்டப்பட்ட ஸ்பிரிங்குகள். எயார் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பூட்டிய கூம்பு வடிவ பில்டர். டிக்கிக்குள் ஒரு பெரிய அம்ப்ளிபயர். கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்குகள். சாவியைத் திருப்பினால் ஒரு பெண் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்வாள். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. ஜப்பானின் கட்டண நெடுஞ்சாலைகளில் பணம் அறவிடும் கருவி அது. "அட்டை போடப்படவில்லை" என்று அறிவிக்கின்றது. இங்கே அதற்கு வேலையில்லை.

வாங்கி இரண்டாவது வாரம் தொல்லை தொடங்கியது. காலையில் சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும். உம்மா உடுத்து, பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கின்றார். அன்று பக்கத்து வீட்டு நானாவின் வேனிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தோம். கராஜில் காட்டியபோது, "பெட்டரி அடிச்சிட்டுது தங்கச்சி, புதுசு போடுங்க" என்றார்கள். புதியது போட்டோம். பத்து நாளில் மறுபடியும் "டிக்". இம்முறை "செல்ப் மோட்டர்" என்றார்கள். அடுத்த முறை "அல்டனேட்டர்" என்பார்கள் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

அப்போதுதான் மகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்தேன். திகதி, நேரம், அதற்கு முன் கார் எவ்வளவு நேரம் நின்றது, மழையா வெயிலா, என்ன நடந்தது என்று கோடு போட்டு எழுதினேன். மூன்று வாரம் எழுதியதும் விடயம் தானாகவே தெரிந்தது. புதனிலும் வெள்ளியிலும் முனகிக்கொண்டாவது ஸ்டார்ட் ஆகின்றது. நிற்பதெல்லாம் திங்கட்கிழமை! வெள்ளி பகல் ஒரு மணிக்கு நிறுத்தினால் திங்கள் காலை ஆறு மணிவரை 65 மணித்தியாலங்கள் கார் அசைவதில்லை. செல்ப் மோட்டருக்குத் திங்களும் புதனும் தெரியுமா என்ன? நிற்கும்போது யாரோ மின்சாரத்தைக் குடிக்கின்றார்கள் என்பதுதானே இதன் பொருள்!

தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் என் நானாவின் மகன் ஒரு மல்டிமீட்டர் கொண்டு வந்தான். முதலில் பெட்டரியில் வைத்துப் பார்த்தோம். எஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட். 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருந்தால் அல்டனேட்டர் சரியாக வேலை செய்கின்றது என்று கொள்ளலாம். ஆகவே அதில் குற்றமில்லை. பிறகு எஞ்சினை நிறுத்தி, கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரம் பொறுத்தோம். காரின் உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கருவிகள் எல்லாம் உறங்கிப்போக அவ்வளவு நேரம் வேண்டும். பெட்டரியின் கழித்தல் பக்க வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 அம்பியர் அளவில் வைத்து இணைத்தான். இந்நேரத்தில் யாரும் சாவியைத் திருப்பவோ கதவைத் திறக்கவோ கூடாது, மீட்டர் கெட்டுவிடும்.

மீட்டர் காட்டியது அரை அம்பியர். "மாமி, கார் உறங்கவே இல்ல. இராவெல்லாம் முழிச்சிக்கிட்டுத்தான் ஈக்கி" என்றான்.

கணக்கைப் பாருங்கள். சாதாரணமாக நிற்கும் ஒரு கார் 50 மில்லி அம்பியருக்குக் குறைவாகவே எடுக்க வேண்டும். எங்களுடையது அதைப்போலப் பத்து மடங்கு. அரை அம்பியர் வீதம் 65 மணித்தியாலம் என்றால் 32 அம்பியர் மணித்தியாலத்துக்கு மேல். எங்கள் பெட்டரியின் முழுக் கொள்ளளவே 35. திங்கட்கிழமை எப்படி ஸ்டார்ட் ஆகும்?

பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். எதைக் கழற்றினாலும் மீட்டர் அசையவில்லை. அப்படியென்றால் பியூஸ் பெட்டியைத் தொடாமல் ஒரு வயர் போகின்றது! பெட்டரியிலிருந்து நேரே டிக்கிக்குப் போன அம்ப்ளிபயர் வயர்தான் அது. சாவியை எடுத்தால் அணைய வேண்டிய அந்தக் கருவி, எப்போதும் விழித்திருக்கும்படி இணைக்கப்பட்டிருந்தது. அதைவிட நெஞ்சைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. அந்தத் தடித்த வயருக்குப் பெட்டரிப் பக்கத்தில் ஒரு பியூஸ்கூட இல்லை. எஞ்சினுக்கும் உட்பகுதிக்கும் நடுவிலுள்ள தகரத்தில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் இல்லாமல் இழுத்திருந்தார்கள். தகரத்தின் விளிம்பு உரசி உரசி வயரின் மேல்தோல் பாதி போயிருந்தது. செம்பு தகரத்தில் பட்டிருந்தால் தீதான். நோயாளியான உம்மாவைப் பின் ஆசனத்தில் வைத்துக்கொண்டு அந்த வயருடன் நான் இரண்டு மாதம் ஓடியிருக்கின்றேன்.

அம்ப்ளிபயரை வயருடன் அகற்றினோம். மீட்டர் 30 மில்லி அம்பியருக்கு இறங்கியது. அந்தத் திங்கட்கிழமை முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது.

இந்த ஒன்று கற்றுத் தந்த தைரியத்தில் மற்றவற்றையும் பார்த்தேன்.

வளைவில் திருப்பும்போதும், பின்னால் மூவர் ஏறினாலும் "கரகர" என்று சத்தம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறிய ஒட்டு இருக்கும். மொழி ஜப்பானாக இருந்தாலும் எண்களை வாசிக்கலாம். அந்த வண்டிக்கு உரிய டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. அழுத்தம் கிலோ பஸ்கலில் இருக்கும். 220 என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 32. எங்களுடையதில் 185/70, 14 என்றிருந்தது. பூட்டியிருந்தது 205/50, 17. அகலமும் கூட, உயரமும் கூட, உடம்போ தாழ்த்தப்பட்டது. உரசாமல் என்ன செய்யும்? கிலோ மீட்டர் முள் 60 காட்டும்போது உண்மையில் 62 ஓடிக்கொண்டிருந்தோம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். எங்களுடையதில் 1415. அதாவது 2015ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். பூ அழியாமல் பளபளவென்றிருந்த டயருக்கு எட்டு வயது!

வெட்டிய ஸ்பிரிங்கைப் பற்றிப் பாஸிடம் கேட்டேன். சில்லு பள்ளத்தில் தொங்கும்போது அது தன் இருப்பிடத்தை விட்டு விலகக்கூடும் என்றார். ஆகவே பழைய உதிரிப்பாகக் கடையில் சரியான ஸ்பிரிங்குகளும் 14 அங்குல ரிம்களும் எடுத்து, புதிய டயர் போட்டோம். பெரிய ரிம்களை விற்ற பணம் செலவில் பெரும் பங்கைத் தாங்கியது. அந்தப் பழைய டயர்களை மட்டும் விற்கவில்லை. நமக்கு ஆபத்தானது இன்னொருவருடைய பிள்ளைக்கும் ஆபத்துத்தானே? கார் உயர்ந்ததில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து இறங்க வேண்டியதில்லை.

அடுத்தது, டாஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த எஞ்சின் அடையாளம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பொருத்தி இருக்கின்றது. அதில் செருகிக் கைத்தொலைபேசியில் வாசிக்கும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கின்றது. எங்களுக்கு வந்த இலக்கம் பி 0171. எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்று அதன் பொருள். காற்றை அளக்கும் உணரியில் மெல்லிய கம்பி ஒன்று உண்டு. கூம்பு பில்டருக்குப் பூசும் எண்ணெய் அதில் படிந்து, அளவைப் பிழையாகச் சொல்லியிருக்கின்றது. அதற்கென்றே உள்ள ஸ்பிரேயால் சுத்தம் செய்து, பழைய எயார் பில்டர் பெட்டி ஒன்றைத் தேடிப் பூட்டினோம். விளக்கு அணைந்தது.

இதை நான் அவசரமாகச் செய்ததற்குக் காரணம் உண்டு. பிங்கா ஓயா பெருக்கெடுத்தால் அக்குறணை நகர வீதியில் வெள்ளம் ஏறுவது நாடறிந்த விடயம். அந்தக் கூம்பு பில்டரைப் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைத்திருந்தார்கள். அது தண்ணீரை உறிஞ்சினால் எஞ்சின் ஒரு நொடியில் உடைந்துபோகும். கம்பனி வைத்த இடம் உயரத்தில் இருப்பது சும்மா அல்ல.

வெள்ளை விளக்குகளையும் மாற்றினோம். சாதாரண பல்புக்காகச் செய்த கண்ணாடிக்குள் அவற்றைப் போட்டால் ஒளி சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும். கட்டுகஸ்தோட்டை வீதியில் இருட்டோடு போகும் நமக்கு எதிரே வருபவரின் கண்ணும் முக்கியம்தானே?

சகோதரிகளே, பழைய ஜப்பான் கார் வாங்க இருப்பவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றேன்.

எயார் பில்டர், ரிம், ஸ்பிரிங், சைலன்சர் ஆகியவை மாற்றப்பட்டிருந்தால், கழற்றிய பழைய சாமான்களையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் நிறமும் பதிவுப் புத்தகத்துடன் ஒத்திருக்க வேண்டும். மாற்றங்களைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

எஞ்சின் அறையில் அல்லது கதவில் ஜப்பான் ஒயில் மாற்றிய ஒட்டு இருந்தால் கழற்றி எறிய வேண்டாம். அதிலுள்ள வருடம் 17, 19 என்று இருந்தால் 1988ஐக் கூட்டுங்கள். 2005, 2007 என்று வரும். அந்த நாளில் ஓடியிருந்த கிலோ மீட்டரும் எழுதியிருக்கும். இன்றைய மீட்டர் அதைவிடக் குறைவாகக் காட்டினால் மீட்டரில் யாரோ கை வைத்திருக்கின்றார்கள்.

உங்கள் கார் ஹைபிரிட் என்றால், செம்மஞ்சள் நிற வயர் எதையும் வீட்டில் தொடவே கூடாது. உயிரை எடுக்கும் மின்சாரம் அது. பின் ஆசனப் பக்கம் இருக்கும் காற்றுத் துளையைப் பொதிகளால் மூடாமலும் தூசு அடையாமலும் வைத்தால் மட்டும் போதும். பெரிய பெட்டரி சூடேறுவதைத் தடுக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமலே போய்விடும். பாஸ் ஒரு பாகம் பழுது என்றால், கழற்றியதைக் காட்டச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல பாஸ்மார் கோபிப்பதில்லை. என் கொப்பியைப் பார்த்த பிறகு எங்கள் பாஸ் என்னுடன் பேசும் விதமே மாறிவிட்டது. இப்போது முதலில் "கொப்பியில என்ன ஈக்கி?" என்றுதான் கேட்கின்றார்.

ஆகவே ஒரு கொப்பியும் ஒரு பேனையும் இன்றே காரில் வையுங்கள். பழுது வரும் நாளில் அது உங்களுக்காகப் பேசும்.