அம்மா கேட்ட கேள்வி

“நாங்கல்லாம் வகுப்புக்குப் போயா பிள்ளை பெத்தோம்?” வளைகாப்பு முடிந்த கையோடு, பிரசவ வகுப்பில் சேரட்டுமா என்று கேட்ட மகளுக்கு அம்மா சொன்ன பதில் இது. கை நிறையக் கண்ணாடி வளையல் குலுங்க, அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அம்மா சொன்னதிலும் நியாயம் உண்டு. அன்று பெரியம்மா, அத்தை, மருத்துவச்சி என்று சுற்றிலும் ஆள் இருந்தது. கேட்டுக் கேட்டே எல்லாம் தெரிந்துகொண்டார்கள். இன்று தனிக்குடித்தனத்தில் இருப்பவளுக்கு யார் சொல்வது? அதற்குத்தான் பிரசவ வகுப்பு.

இத்தகைய வகுப்புகளின் முன்னோடிகளில் ஒருவரான பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னான் லமாஸ் 1951-இல் சோவியத் நாட்டில் பார்த்த முறையைப் பாரிசுக்குக் கொண்டுவந்தார். பயத்தைக் குறைத்து, மூச்சைப் பழக்கினால் வலியைச் சமாளிக்கலாம் என்பதே அதன் அடிப்படை.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். வகுப்புக்குப் போனால் சுகப்பிரசவம் நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பனிக்குடம் உடைந்தால் என்ன செய்வது, எப்போது கிளம்புவது, அறுவை என்றால் மருத்துவரிடம் என்ன கேட்பது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது பெரிய தைரியம்.

வகுப்புக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்கள், இதையெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். போகும்போது கணவரையும், முடிந்தால் அம்மாவையும் கூட்டிப்போங்கள்.