படகுக்கு ஒரு சட்டை

ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் தண்டலத்தைக் கடந்திருப்பீர்கள். லாரிகளும், புதுக் கார்களைச் சுமந்து செல்லும் நீண்ட வண்டிகளுமாக அந்தச் சாலைக்கு ஓய்வே கிடையாது. கடலோ வெகு தூரம். அந்த ஊரில் என் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய மோட்டார் படகு கிடக்கிறது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். என் மனைவி சிரிக்கவில்லை. "துணி உலர்த்த இடமில்லை" என்றாள்.

படகு என் பெரியப்பாவுடையது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சென்னை மூழ்கியபோது, மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்தார்கள் அல்லவா? பழவேற்காட்டிலிருந்து வந்த அவரும் அவர்களில் ஒருவர். இப்போது முழங்கால் இடம் கொடுக்கவில்லை; விற்க மனமும் இல்லை. "செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டுமடா" என்று என்னிடம் அனுப்பிவிட்டார்.

நான் படித்தவன் அல்லவா? ஒரு நீல பிளாஸ்டிக் விரிப்பை வாங்கிக் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினேன். மழைக்காலம் முடிந்து பார்த்தால் நடுவில் ஒரு குளம்! ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 50 கிலோ கனம். கீழே பூஞ்சணம்; உட்காரும் பலகை உளுத்துப் போயிருந்தது.

பார்க்க வந்த பெரியப்பா கேட்டார்: "ஏண்டா, மூடி வைத்தாயா, புதைத்து வைத்தாயா?"

அந்தக் கேள்வி என்னை லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டு போய்ச் சேர்த்தது. அளவு எழுதிய காகிதத்தை அவர் வாங்கவே இல்லை. "தம்பி, சட்டை தைக்க ஆளை அல்லவா பார்க்க வேண்டும்?" என்று நேரில் வந்துவிட்டார்.

பிளாஸ்டிக் வேண்டாம், பருத்திக் கித்தான்தான் என்றார். நனைந்தால் நூல் பருத்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் காற்றை விடும். ஆனால் சுருங்கும் குணம் உண்டு. ஆகவே முதலில் துணியை நனைத்து உலர்த்தினார், பிறகுதான் கத்தரி. நடுவில் ஒரு கழியை நீளவாட்டில் கட்டி, கூரை போல இரு பக்கமும் சரிவு கொடுத்தார். தையல் ஓரங்களை ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்றாய் மடித்தார். கூர்மையான மூலைகள் உராயும் இடத்தில் இரட்டைத் துணி. முன்னும் பின்னும் காற்றுப் போக வழி. விளிம்பெங்கும் கயிறு கோக்கப் பித்தளை வளையங்கள்.

சட்டை கச்சிதமாக அமைந்தது. பெருமையுடன் பெரியப்பாவுக்குக் காட்டினேன். அழகை அவர் பார்க்கவேயில்லை. "அவிழ்க்க எத்தனை நிமிஷம்?" என்றார்.

நான் போட்ட முடிச்சுகளை அவிழ்க்க இருபது நிமிஷம் ஆயிற்று.

"வெள்ளம் இருபது நிமிஷம் காத்திருக்காது. இருட்டிலே, மழையிலே, விறைத்த விரலாலே அவிழ்க்க வேண்டும்" என்று சொல்லி, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு ஒன்றைக் கற்றுக் கொடுத்தார். படகைக் காப்பாற்றுவதற்காக மூடுகிறோம் என்று நான் நினைத்திருந்தேன். வேண்டிய நேரத்தில் திறப்பதற்காகத்தான் மூடுகிறோம் என்பது அன்றுதான் புரிந்தது.

அன்றிலிருந்து மாதம் ஒரு நாள், இருட்டிய பிறகு, எங்கள் கொல்லையில் ஒத்திகை நடக்கிறது. இந்தப் படகுக்கு இனி வேலையே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் முடிச்சை இழுக்கிறேன்.

கடிகாரமும் கையுமாக நிற்பது யார் என்கிறீர்கள்? துணி உலர்த்த இடமில்லை என்றாளே, அவள்தான். "நாலு நிமிஷம் ஆகிவிட்டது. இன்னொரு தடவை!" என்கிறாள்.